எட்டு ஸ்பீக்கர் அலமாரி

நாற்பத்தோராயிரத்து முந்நூறு. உம்மு தன் மச்சானுக்குத் தரவேண்டிய பாக்கி அது. நாற்பத்தோராயிரம், பாஸ் கிட்டாருக்கென்று வாங்கிய ஆம்புக்கும் அதன் ஸ்பீக்கர் பெட்டிக்கும். முந்நூறு, அந்தப் பெட்டிக்கு அடியில் பூட்டிய நாலு சக்கரத்துக்கு. சக்கரத்தை மச்சானே கடையில் பார்த்து வாங்கிவந்து, தரையில் மல்லாந்து படுத்து, தன் கையாலேயே பூட்டினார். அது இனாமா கடனா என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. கேட்காததால் அதுவும் கடனில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

உம்மு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, குழுவில் வைத்தது. அவன் வாசிக்கும் நாலு கம்பி கிட்டார் உம், உம் என்றுதான் பேசும். அவனும் அப்படித்தான். சாப்பிட்டாச்சா என்றால் உம். சம்பளம் வந்ததா என்றால் அதே உம், கொஞ்சம் இழுத்து. பகலெல்லாம் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு, விடுமுறை நாளில் கச்சேரிக்குப் போகிறவனுக்குப் பேச மூச்சு எங்கே மிச்சமிருக்கும்?

மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். கடைகளுக்குச் சரக்கு அடிப்பார். கச்சேரி நாளில் குழுவின் சாமான்களை ஏற்றிவருவார். பேச்சில் உம்முவுக்கு நேர் எதிர். ஒருமுறை வேனில் ஹாரன் கெட்டுப்போனபோது ஒரு வாரம் வாயாலேயே சமாளித்தார் என்று அவர் தங்கையே சொல்வாள். ஆனால் வண்டி ஓட்டுவதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு முட்டை உடைஞ்சதுண்டா? யாரையாவது சொல்லச் சொல்லு பாப்போம்" என்று யாரும் கேட்காமலேயே சவால் விடுவார்.

பெட்டி வந்ததும் அவருடைய ரோஷத்தால்தான். முன்பு உம்முவிடம் ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள பழைய பெட்டி இருந்தது. ஒரு கச்சேரியில், பாடுகிற அம்மா உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துபோய் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. என்ன மாதிரிச் சத்தம் என்று விளக்கவேண்டியதில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சபையே சிரித்தது. உம்மு தலையைக் குனிந்து வாசித்து முடித்தான். கூட்டத்தில் நின்ற மச்சானுக்குத்தான் தாங்கவில்லை.

"என் தங்கச்சி புருஷனைப் பார்த்து சிரிக்கிறானுங்களா?"

அடுத்த வாரமே அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் விவரமாக இது இத்தனை வாட், இது இந்த மாதிரி ஹாலுக்கு என்று ஆரம்பித்தார். மச்சான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இருக்கிறதுலயே பெருசு எது?"

எட்டு ஸ்பீக்கர், உம்முவின் மார்பு உயரம், முன்னால் கறுப்புத் துணி. ஓரமாக இருந்த சின்ன பெட்டி ஒன்றை உம்மு ஆசையாகப் பார்த்தான். வாயைத் திறப்பதற்குள் பேரம் முடிந்திருந்தது. ஆம்போடு சேர்த்து விலை அறுபதாயிரம். மச்சான் மொத்தமாகக் கட்டினார். "மாசா மாசம் குடு. முடியாத மாசம் விட்டுடு. நான் என்ன வட்டிக்கடையா வச்சிருக்கேன்?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "துணி வைக்கிற அலமாரி கேட்டேன், இதைக் கொண்டு வந்திருக்கீங்க" என்றாள். அன்றிலிருந்து அதற்கு அலமாரி என்றே பெயர்.

அலமாரி முதல் நாள் பேசியபோது மேடைப் பலகை அதிர்ந்தது. அதற்கு நேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மச்சானின் சட்டை காற்றடித்தது போலப் படபடத்தது. "வயித்துல இடிக்குது மாப்ளே!" என்று கத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் அவருக்கு அதுதான் இடம். நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்காரமாட்டார். அலமாரிக்கு முன்னால் நின்று, தலையை ஆட்டிக் கேட்பார். வீட்டுக்கு வந்தாலும் முதல் கேள்வி, "பெட்டி எப்படி இருக்கு?" வயதுக்கு வந்த பிள்ளையை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். பாக்கியைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அதுதான் உம்முவை அரித்தது. கடன் கேட்கிறவனுக்குப் பதில் சொல்லலாம். கேட்காதவனுக்கு என்ன சொல்வது?

பத்தொன்பதாயிரத்து ஐந்நூறோ அறுநூறோ அல்ல, சரியாகப் பத்தொன்பதாயிரம் கட்டியிருந்த நிலையில் இடுப்பு விட்டது. கிடங்கில் மூட்டையோடு திரும்பினான், அவ்வளவுதான். முதுகுக்குள் யாரோ சாவியைத் திருகிப் பூட்டியதுபோல் அப்படியே நின்றுவிட்டான். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கனம் தூக்கினா நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். கிடங்கில் நல்லவேளையாக வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலில் நிறுத்தி, லாரிகளின் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சம்பளம் குறைந்தது, தவணை நின்றது.

ஆனால் கச்சேரியை விட முடியவில்லை. விடவும் மனமில்லை. வாரமெல்லாம் லாரிப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு, தன் விரல் அசைந்தால் ஐந்நூறு பேர் கால் அசைகிற அந்த ரெண்டு மணி நேரம்தான் சோறு.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அந்த அலமாரியின் சத்தத்தை இப்போதெல்லாம் யாரும் கேட்பதே இல்லை. குழுவுக்கு ஒலி பார்க்கிற ஆளை எல்லோரும் மிக்ஸர் என்று கூப்பிடுவார்கள். தின்கிற மிக்ஸர் இல்லை, அவர் உட்கார்ந்திருக்கிற மேஜையின் பெயர் அது. கொஞ்ச காலமாக அவர் புது முறைக்கு மாறியிருந்தார். "மேடையில சத்தம் வேண்டாம். எல்லாம் வயர் வழியா எங்கிட்ட வரட்டும், வெளியில பெரிய ஸ்பீக்கர்ல நான் தர்றேன்" என்று சொல்லி, அலமாரியின் ஆம்பைக் கிட்டத்தட்ட ஊமையாக்கி வைத்துவிடுவார். உம்முவிடம் தன் பழைய சாதனம் ஒன்றையும் மலிவாகக் கொடுத்தார். சோப்பு டப்பா அளவு. கிட்டார் வயரை ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் நேராக மிக்ஸருக்குப் போய்விடும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

சாமான் விஷயத்தில் உம்முவுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. கம்பியை லேசில் மாற்றமாட்டான். புதுக் கம்பி கணீரென்று தன்னைக் காட்டிக்கொள்ளும். வியர்வை குடித்த பழைய கம்பிதான் தும்மென்று அடங்கி நிற்கும். பேட்டரி போட்ட கிட்டாரைத் தொடமாட்டான். ஒருமுறை பாட்டின் நடுவில் பேட்டரி செத்து, ஊமைப்படம் போல விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அனுபவம் போதும். தோள்பட்டை வாரை மட்டும் கிடங்கு மூட்டைப்பட்டியை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தானே தைத்தான். இந்தப் பிடிவாதக்காரனுக்கு அந்தச் சோப்பு டப்பாவை முதல் நாளே பிடித்துப்போயிற்று. அவ்வளவு தெளிவாகத் தன் கிட்டாரை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஆக, தேவை சோப்பு டப்பா. தூக்கிக்கொண்டு அலைவது அலமாரி. இதை மச்சானிடம் எப்படிச் சொல்வது?

"நான் சொல்லட்டுமா அண்ணன்கிட்ட?" என்று பெண்டாட்டி கேட்டாள்.

"உம்... வேண்டாம்."

"வேண்டாம்னா இடுப்பு யாருது?"

வழி சொன்னவன் டிரம்ஸ் வாசிக்கிற பூதம். ஆள் குச்சி. அடிக்கிற அடிக்காக வந்த பெயர். "உங்க மச்சானுக்குப் பெட்டிதானே தெரியணும்? உள்ள இருக்கிறது தெரியணும்னு யார் சொன்னா?" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் திருகாணிகளைக் கழற்றி எட்டு ஸ்பீக்கரையும் வெளியே எடுத்தார்கள். கறுப்புத் துணியை இழுத்துப் பழையபடி மாட்டினார்கள். ஸ்பீக்கர்கள் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போயின. அலமாரி வெறும் பலகையாயிற்று. ஒரு கையால் சாய்த்து உருட்டலாம்.

அன்றிலிருந்து உம்முவின் வீட்டில் ஹேர்பின் காணாமல்போக ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் பெருக்கினால் எல்லாம் ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். "எங்கண்ணன் காசு மேல படுத்துத் தூங்குறேன். அது என் கொண்டையையும் சேர்த்து இழுக்குது" என்பாள் பெண்டாட்டி.

வேனில் ஏற்றும்போது நாடகம் நடக்கும். மச்சான் பின்கதவைத் திறந்து, உதவிக்குக் கை நீட்டுவார். "நீங்க விடுங்கண்ணே, நீங்க விடுங்க" என்று பூதம் பாய்ந்து வந்து மறித்துக்கொள்வான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்கத் தூக்குவார்கள். பூதம் "ஐயோ அம்மா" என்று கூடவே ஒரு முனகலும் போடுவான். அவன் நடிப்பு கொஞ்சம் அதிகம் என்று உம்முவுக்குத் தோன்றும். மேடையில் அலமாரி நிற்கும், அதன் தலையில் ஆம்ப், ஆம்பில் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். மச்சான் வழக்கம்போல் எதிரே நின்று தலையாட்டுவார். முடிந்ததும், "இன்னைக்கு அடி பலமா இருந்துச்சு மாப்ளே" என்பார். வெறும் பலகைக்கு முன்னால் நின்று அவர் அப்படிச் சொல்லும்போது உம்மு வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவான். ஏமாற்றுகிறோம் என்பது ஒரு பக்கம். அதைவிட, தெரிந்தால் அந்த மனிதர் முகம் எப்படி ஆகும் என்பதுதான் பெரிய கவலை. வாங்கிக்கொடுத்தவரை முட்டாளாக நிற்கவைத்தவன் என்று ஆகிவிடுமே.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மதியக் கச்சேரி வந்தது. ஒரு தொழிற்சாலையில் ஆண்டுக் கொண்டாட்டம். இயந்திரங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். மேலே முழுக்கத் தகரக் கூரை. எண்ணெய் வாடை போகவில்லை.

ஆள் வருவதற்குமுன் ஒலி சரிபார்த்தார்கள். உம்மு ஒவ்வொரு சுரமாக வாசித்துக்கொண்டே வந்தான். ஒரு சுரத்தில் மட்டும் ஹால் முழுக்க 'ஊம்ம்ம்' என்று வீங்கி, கூரைத் தகரம் கடகடவென்று பல்லடித்தது.

"அதேதான், அதை மறுபடி தட்டு" என்று மிக்ஸர் மேஜையிலிருந்து கத்தினார். ஏதோ திருகினார். "இப்ப?"

"உம். பாதி போச்சு."

"மீதிப் பாதிய உன் விரல்ல வச்சுக்கோ. அந்த சுரம் வந்தா மெதுவா தொடு. இந்த ஹாலுக்கு அது ஒத்துக்கலை."

சில ஹால்கள் அப்படித்தான். சில மனிதர்களிடம் சில பேச்சை எடுக்கக்கூடாது என்பதுபோல, சில ஹாலில் சில சுரத்தை அழுத்தக்கூடாது. உம்மு அதை மனதில் குறித்துக்கொண்டான்.

கச்சேரி நன்றாகத்தான் ஆரம்பித்தது. தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஆடின. மச்சான் தன் இடத்தில் நின்றார். வெயில் ஏற ஏறத் தகரம் காய்ந்து, உள்ளே அனல் இறங்கியது. ஒரு வேகப்பாட்டின் நடுவில், கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல், ஹாலின் சத்தம் மொத்தமும் 'பொசுக்'கென்று அடங்கியது.

பெரிய ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ஆம்ப் அடுக்கு சூட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்தது, பாடுகிறவர்களின் காலடியில் கிடக்கிற சின்ன மானிட்டர் ஸ்பீக்கர்கள் மட்டும். மிக்ஸர் ஓடிவந்து அவற்றைக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தார். பாட்டும் கீபோர்டும் அதில் மெலிதாக வந்தன.

"பாஸ் இதுல தாங்காது, கிழிஞ்சிடும்" என்றார் மிக்ஸர், மூச்சு வாங்க. பிறகு திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! அதான் உன் பெட்டி மலை மாதிரி நிக்குதே! வயரை அதுல போடு. முழுசா திறந்து விடு. இந்த ஹாலுக்கு அது ஒண்ணே போதும்!"

கீபோர்டு மாஸ்டரும் திரும்பினார். பாடுகிற அம்மாவும் திரும்பினார். முன்வரிசையில் யாரோ "போடுங்க, போடுங்க" என்று கைதட்டினார்கள். பூதம் மட்டும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான், ஏதோ தகரத்தை எண்ணுகிறவன்போல.

உம்மு அசையவில்லை. இடுப்பு பிடித்த அன்றைக்கு நின்றானே, அதே நிலை. அலமாரியில் வயரைச் செருகினால் ஒரு சத்தமும் வராது. ஏன் வரவில்லை என்று மிக்ஸர் துணியைக் கழற்றிப் பார்ப்பார். எட்டு ஓட்டை. இத்தனை பேர் முன்னால். மச்சான் முன்னால்.

மச்சான் மேடை மேல் ஏறிவிட்டிருந்தார். நேராக அலமாரியிடம் வந்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வேண்டாம், வேண்டாம்! இதைத் தொடாதீங்க!" மச்சானின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது. "வர்ற வழியில ஒரு பள்ளத்துல வண்டியை விட்டுட்டேன். உள்ள ஏதோ கழண்டு கிடக்கு. கரண்டு குடுத்தா எரிஞ்சே போயிடும்."

"நீங்களா? பள்ளத்துலயா?" என்றார் மிக்ஸர்.

"நான்தான். கவனிக்கலை. என் தப்பு."

உம்மு அவரைப் பார்த்தான். ஒரு முட்டை உடைந்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற மனிதர், மேடையேறி, அத்தனை பேருக்கும் கேட்க, தன் ஓட்டுதல் சரியில்லை என்கிறார். மச்சான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அலமாரியின் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கிப் போய், எங்கிருந்தோ ஒரு பெரிய ஸ்டாண்ட் மின்விசிறியை உருட்டிக்கொண்டு வந்து, சூடான ஆம்ப் அடுக்குக்கு எதிரே வைத்தார்.

மிக்ஸருக்கு யோசிக்க நேரமில்லை. "சரி, மானிட்டர்லயே விடறேன், கீழ்ச்சத்தத்தை நான் வெட்டிடறேன். நீ மேல் ஸ்தாயிக்கு ஏறி வாசி. மெதுவா."

உம்மு கிட்டாரின் கழுத்தில், கம்பி சின்னதாகிற இடத்துக்குக் கையை நகர்த்தினான். பாடுகிற அம்மா ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். பூதம் குச்சியை விட்டுவிட்டு விரலால் தட்டினான். வழக்கமாக அடியில் கிடந்து எல்லோரையும் தாங்குகிற வாத்தியம் அன்றைக்கு மேலே வந்து, பாட்டோடு தோளில் கைபோட்டு நடந்தது. ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள் உட்கார்ந்தன. ஹால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. உம்முவின் கண் மட்டும் மின்விசிறிப் பக்கம் நின்ற மச்சானிடம் போய்ப் போய் வந்தது. மச்சானுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து?

இரண்டாவது பாட்டு முடியும் தறுவாயில் அடுக்கு ஆறியது. மிக்ஸர் கட்டைவிரலைக் காட்டினார். உம்மு கையைக் கீழே இறக்கி, அடிக்கம்பியை ஒரு தடவை தட்டினான். 'தும்ம்.' தரை வழியாகக் காலில் ஏறியது. ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. எத்தனை பேருக்கு அது பாஸ் கிட்டார் என்று தெரியும்? காணாமல்போன ஏதோ ஒன்று வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. குழந்தைகள் எழுந்து மறுபடி ஆட ஆரம்பித்தன. மச்சான் தன் பழைய இடத்தில், அலமாரிக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கச்சேரி முடிந்து வெயில் தாழ்ந்த நேரம். தொழிற்சாலையின் பின்வாசலில் வேன் நின்றது. பூதம் ஓடிவந்து அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, வழக்கம்போல "ஐயோ அம்...." என்று ஆரம்பித்தான்.

"போதும்டா" என்றார் மச்சான். "தள்ளு." ஒற்றை ஆளாக அலமாரியைச் சாய்த்து, தொடையில் ஏற்றி, வேனுக்குள் உருட்டிவிட்டார். பூதம் அசடு வழிந்துகொண்டு, டிரம்ஸைக் கட்டப் போவதாகச் சொல்லி மறைந்தான்.

உம்மு தரையைப் பார்த்தான். "மச்சான்..."

"எப்போ தெரியும்னு கேக்கப்போற. முதல் நாளே தெரியும். இந்தப் பெட்டி ஏறினா வண்டியோட பின்பக்கம் நாலு விரல் உக்காரும். அன்னைக்கு உக்காரவே இல்ல. உங்க ரெண்டு பேர் முக்கல்ல பெட்டி கனக்குதுன்னு நான் நம்பலாம். வண்டி நம்புமா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும்..."

"என்னத்தச் சொல்ல? இடுப்பு போச்சு, சம்பளம் போச்சு, வைத்தியத்துக்குக் காசில்லாம உள்ள இருந்ததை நீ வித்துட்டேன்னு நினைச்சேன். மானஸ்தன், வெளிய தெரியாம இருக்க வெறும் பெட்டியைத் தூக்கிட்டு அலையுறான். அதைப் போய் நான் கேக்கணுமா? என் தங்கச்சி வீட்டுக்காரனை?"

"விக்கல மச்சான். கட்டிலுக்கு அடியில இருக்கு."

மச்சான் வேனுக்குள் எட்டி, அலமாரியின் கறுப்புத் துணியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எட்டுமா?"

"எட்டும். கொஞ்சம் ஹேர்பின்னோட."

"அடப்பாவி!" மச்சான் வேனின் கதவில் ஓங்கி அறைந்தார். "நீ சோத்துக்கில்லாம வித்துட்டேன்னு நான் வீட்டுல சரியா சாப்பிடாம கிடக்கேன். நீ அதைக் கட்டிலுக்குக் கீழ போட்டு அது மேல தூங்குறியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்ல?"

"தூக்க முடியல மச்சான். மிக்ஸருக்கும் அது தேவையில்ல. ஆனா நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தது. ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி நின்னு..." உம்மு வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "அதுக்கு முன்னாடி நின்னு தலையாட்டுறீங்க. எப்படிச் சொல்றது?"

"நான் எதுக்குத் தலையாட்டினேன்? நீ கஷ்டப்பட்டு நடிக்கிற, பாக்க ஆள் வேண்டாமா? அடி பலமா இருந்துச்சுன்னு வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்! வெறும் பலகைக்கு முன்னாடி நின்னு!"

சொல்லச் சொல்ல அவருக்கே அடக்க முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு வேனின் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உம்முவும் சிரித்தான். சிரித்தால் இடுப்பில் வலிக்கும், அதனால் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நெஞ்சுக்குள் இத்தனை நாளாக யாரும் இறக்கிவைக்காத மூட்டை ஒன்று, தானே சரிந்து கீழே விழுந்தது.

வயர்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்த மிக்ஸருக்கு விஷயம் முழுதும் சொல்லப்பட்டது. அவர் சிரிக்கவில்லை. தொழில்காரர். "எட்டும் நல்லா இருக்கா? கிழிசல் இல்லையே?" என்று கேட்டார். "இன்னைக்கு என் மானிட்டர்ல ரெண்டு போச்சு. மத்ததும் பழசு. எட்டையும் அந்த ஆம்பையும் சேர்த்து முப்பதாயிரம் தர்றேன். இவனுக்கு இனிமே சோப்பு டப்பாவே போதும்."

உம்மு மச்சானைப் பார்த்தான். வாங்கியவர் அவர்தானே.

"என்னை ஏன் பாக்குற? குடு" என்றார் மச்சான். "சும்மா கிடந்து ஹேர்பின் பொறுக்கிறதுக்கு, யாருக்காவது கத்தட்டும்."

மறுநாள் மாலை மிக்ஸர் வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தட்டிப் பார்த்து, ஹேர்பின்களைப் பிடுங்கி உம்முவின் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வைத்தார். உம்மு அதை அப்படியே எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு நடந்தான். பெண்டாட்டியும் கூட வந்தாள். வேன் வாசலில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அலமாரி நின்றது. கறுப்புத் துணியைக் காணோம். எட்டு ஓட்டைக்குப் பின்னால் குறுக்குப் பலகை அடித்து, ஸ்பேனர், ஜாக்கி, கயிறு, எண்ணெய் டப்பா எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார் மச்சான்.

"கடைசியில அலமாரியே ஆயிடுச்சு" என்றாள் அவர் தங்கை.

உம்மு பணத்தை நீட்டினான். "முப்பது இருக்கு மச்சான். இன்னும் பதினோராயிரத்து முந்நூறு..."

"இரு, இரு." மச்சான் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையைத் துடைத்தார். "இதே மாதிரி ஒரு சாமான் பெட்டி செய்யத் தச்சன் எவ்வளவு கேட்டான் தெரியுமா? பன்னெண்டாயிரம். இப்ப உன் பெட்டியை நான் எடுத்துக்கிட்டேன். பதினோராயிரத்து முந்நூறு போக, உனக்கு நான்தான் எழுநூறு தரணும்."

அப்படி ஒரு தச்சன் இருந்தானா என்று உம்முவுக்குச் சந்தேகம்தான். மச்சான் முகத்தைப் பார்த்தான். அவர் சக்கரத்தைக் காலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரத்துக்கு முந்நூறு?" என்று கேட்டான்.

"சக்கரம் எப்பவும் என்னுதுதான். அதை எப்படா கடன்ல சேத்த?"

பெண்டாட்டி உள்ளே போய் அண்ணியிடம் ஏதோ சொல்ல, வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. மச்சான் வேன் கதவைச் சாத்தினார். உம்மு கொஞ்ச தூரம் நடந்தவன் நின்றான். திரும்பினான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப எழுநூறு இல்ல, ஆயிரம். எப்ப மச்சான் தருவீங்க?"

"மாசா மாசம் தர்றேன் போடா" என்றார் மச்சான்.